ரியாக்ட் கம்போனென்ட்டுக்குத் தரவை யார் கொண்டுவருவது?

வலைத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ரியாக்ட்; அதில் திரையின் ஒவ்வொரு துண்டும் ஒரு கம்போனென்ட். ரியாக்ட்டில் புதிதாக ஒரு செயலியைத் தொடங்கும் குழு முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். திரையில் ஒரு பட்டியல் வேண்டும், பட்டியல் சர்வரில் இருக்கிறது, அதைக் கொண்டுவரும் வேலையை எங்கே எழுதுவது? கம்போனென்ட் திரைக்கு வந்ததும் ஓடும் யூஸ்எஃபெக்ட்டுக்குள், சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் எழுதலாம். வந்த பதிலைச் சேமித்துவைக்கும் டான்ஸ்டாக் க்வெரி மாதிரி ஒரு லைப்ரரியைச் சேர்க்கலாம். முகவரிக்கேற்ற பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ரவுட்டரின் லோடரிடம், அதாவது பக்கத்துக்குத் தரவு கொண்டுவரும் ஃபங்ஷனிடம், விட்டுவிடலாம். காத்திருப்புத் திரை காட்டும் சஸ்பென்ஸ், ரியாக்ட் 19 தரும் யூஸ் இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம். ரியாக்ட்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க்கை எடுத்து எல்லாவற்றையும் சர்வரிலேயே ஓடும் சர்வர் கம்போனென்ட்டாகவே எழுதிவிடலாம். ஐந்துக்கும் தீவிர ஆதரவாளர்கள் உண்டு. ஐந்தும் ஒரே வேலைக்குப் போட்டியிடுகின்றன என்று நினைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் சண்டை நடக்கிறது.

அவை ஒரே வேலைக்கானவை அல்ல என்பது என் கட்சி. இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. கோரிக்கையை யார், எப்போது தொடங்குகிறார்கள் என்பது ஒன்று. வந்த பதிலை யார், எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஐந்து வழிகளும் தாமாகவே இடம் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும்.

பேச வசதியாக ஒரு நூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். மூன்று திரைகள். தட்டச்சு செய்யச் செய்ய முடிவு காட்டும் தேடல். நூல் விவரம், ஆசிரியர் குறிப்பு, அதே ஆசிரியரின் பிற நூல்கள் மூன்றும் வரும் நூல் பக்கம். அப்புறம் 'என் இரவல்கள்' என்று ஒரு பட்டியல், ஒவ்வொரு வரியிலும் இரவல் காலத்தை நீட்டிக்கும் 'புதுப்பி' பொத்தானுடன்.

யூஸ்எஃபெக்ட்: பத்து வரியில் தொடங்குவது

2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 ஹூக்குகளோடு (கம்போனென்ட்டுக்குள் கூப்பிடும் சிறப்பு ஃபங்ஷன்கள்) வந்ததிலிருந்து பயிற்சி வகுப்பிலும் யூடியூப் பாடத்திலும் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். தரவுக்கு ஒரு ஸ்டேட் (கம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு), 'ஏற்றப்படுகிறதா' என்பதற்கு ஒன்று, பிழைக்கு ஒன்று, கூட ஒரு எஃபெக்ட். திரை வந்துவிடும். வந்ததைப் பார்த்து முடிந்தது என்று நினைக்கிறோம்.

முதல் சிக்கல் சின்னது. சர்வர் 404 (கேட்டது இல்லை) என்றாலும் 500 (சர்வர் பிழை) என்றாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. பதிலே கைக்கு வராவிட்டால்தான் ப்ராமிஸ், அதாவது பின்னால் வரப்போகும் பதிலுக்கு ஃபெட்ச் தரும் சீட்டு, தோற்கும். பதிலில் 'ஓகே' என்ற பண்பைப் பார்த்து நாமே பிழையைக் கிளப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் பிழைச் செய்தியையே நூல் பட்டியல் என்று நினைத்து ஓட்டப் பார்த்து, சம்பந்தமில்லாத வேறொரு வரியில் நிரல் உடையும்.

இரண்டாவது சிக்கல் பெரியது, தேடல் திரையில்தான் நன்றாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையில் ஒருவர் 'மதுரை' என்று அடிக்கிறார். பெட்டியில் ம, மத, மது, மதுர, மதுரை என்று ஐந்து நிலைகள் வந்துபோகின்றன. பெட்டி மாறும்போதெல்லாம் ஓடும் ரியாக்ட்டின் ஆன்சேஞ்ச் ஐந்துக்கும் கிளம்பும், எனவே ஐந்து கோரிக்கைகள். 'ம'வில் தொடங்கும் நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 'மதுரை'யில் தொடங்குபவை கொஞ்சம்தான். ஆக முதலில் போன கோரிக்கைக்குத்தான் சர்வர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு. 'மதுரை'க்கான பதில் வந்து திரையில் உட்கார்ந்த பிறகு 'ம'வுக்கான பதில் தாமதமாக வந்து அதை அழித்துவிட்டுத் தன்னை எழுதிக்கொள்கிறது. பெட்டியில் மதுரை, பட்டியலில் மகாபாரதம். அலுவலக வைஃபையில் சோதித்தால் இது அநேகமாக வராது. பேருந்தில் போகிறவரின் கைபேசியில் வரும்.

இதற்கு மருந்து உண்டு. எஃபெக்ட்டின் க்ளீனப்பில் (அது மறுபடி ஓடும் முன் பழையதைத் துடைக்கும் பகுதி) அபார்ட்கன்ட்ரோலரைக் கூப்பிட்டுப் பழைய கோரிக்கையை ரத்து செய்யலாம். ரத்தானதும் ஃபெட்ச் அதையும் ஒரு பிழையாகத்தான் எறியும் என்பதால், அந்தப் பிழையை மட்டும் தனியாக அடையாளம் கண்டு விழுங்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று திரை மின்னும். கூடவே 250, 300 மில்லிசெகண்ட் பொறுத்திருந்து அனுப்பும் டிபவுன்ஸும் வேண்டும்.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்காக, சொல் உருவாகி முடியும் கம்போசிஷன்எண்ட் நிகழ்வு வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். ஆண்ட்ராய்டு கைபேசியில் பெரும்பாலும் இடைவெளி விசையை அழுத்தும் வரை அந்த நிகழ்வு வராது. தேடல் முடிவே வரவில்லை என்று பயனர் நினைத்துக்கொள்வார். டிபவுன்ஸ் மட்டும் போதும்.

ரியாக்ட் 18 (2022 மார்ச்) வந்தபோது இன்னொன்றும் சேர்ந்தது. பிழைகளை முன்கூட்டியே காட்டும் ஸ்ட்ரிக்ட் மோட் போட்டிருந்தால், டெவலப்மென்ட் நிலையில் மட்டும், ஒவ்வொரு கம்போனென்ட்டும் ஏற்றப்பட்டு, இறக்கப்பட்டு, மறுபடி ஏற்றப்படும். எஃபெக்ட்டும் இரண்டு முறை ஓடும். கோரிக்கை இரண்டாகப் போகிறது என்று ஸ்ட்ரிக்ட் மோடையே அணைத்துவிடும் ஆட்கள் உண்டு. க்ளீனப் சரியாக எழுதப்படவில்லை என்று அது காட்டிக்கொடுக்கிறது. அணைத்தால் காட்டிக்கொடுப்பது மட்டும்தான் நிற்கும்.

சரி, இதையெல்லாம் ஒரு கஸ்டம் ஹூக்கில் போட்டு ஒழுங்காகவே எழுதிவிட்டோம் என்றே இருக்கட்டும். 'என் இரவல்கள்' திரையில் மூன்று நூல்கள் இருக்கின்றன. மேலே தலைப்புப் பட்டையில் 'இரவல்: 3' என்று ஒரு சிறு எண்ணும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கம்போனென்ட். இரண்டும் ஒரே தரவைத் தனித்தனியாகக் கேட்கின்றன. ஒரு நூலைத் திருப்பிக் கொடுத்ததும் பட்டியல் 2 ஆகிறது, தலைப்பு 3 என்றே நிற்கிறது. பதில் கம்போனென்ட்டின் ஸ்டேட்டில் இருக்கும் வரை இதற்குத் தீர்வு கிடையாது. இரண்டுக்கும் பொதுவான மேல் கம்போனென்ட்டுக்குத் தூக்கி வைக்கலாம், எல்லாக் கம்போனென்ட்டும் படிக்கக்கூடிய கான்டெக்ஸ்ட்டில் போடலாம். அப்போது நாமே ஒரு கேஷை (பதில்களைச் சேமித்துவைக்கும் இடத்தை) எழுதத் தொடங்கியிருக்கிறோம் என்று அர்த்தம், அதுவும் அரைகுறையாக.

யூஸ்எஃபெக்ட் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அலுவலகத்துக்குள் பத்துப் பேர் பார்க்கும் ஒற்றைத் திரை, வேறொருவர் தளத்தில் ஒட்டும் சின்ன விட்ஜெட், ஒருமுறை ஏற்றினால் மாறாத அமைப்புக் கோப்பு போன்றவற்றுக்கு இது தாராளம். வெப்சாக்கெட் மாதிரி தொடர்ந்து வரும் ஓட்டத்தில் சேர்ந்து விலகுவதற்கு எஃபெக்ட்தான் முறையான இடம். இரண்டு கம்போனென்ட்டுகள் ஒரே தரவைக் கேட்கிற நாள் வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேஷ் லைப்ரரி: பதிலுக்கு ஒரு சொந்த வீடு

டான்ஸ்டாக் க்வெரி, எஸ்டபிள்யூஆர், ரெடக்ஸ் என்ற ஸ்டேட் லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கு ஆர்டிகே க்வெரி. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: சர்வரிலிருந்து வந்தது உங்கள் ஸ்டேட் அல்ல, சர்வரில் இருப்பதன் நகல். நகல் எந்நேரமும் பழையதாகலாம். அதனால் அதற்கு ஒரு சாவி, ஒரு வயது, புதுப்பிக்க ஒரு முறை வேண்டும். 'இரவல்கள்' என்ற சாவியில் பட்டியலும் தலைப்பு எண்ணும் ஒரே பதிலைப் படிக்கின்றன; இரண்டு இடத்தில் கேட்டாலும் ஒரே கோரிக்கைதான் போகும். நூலைத் திருப்பிக் கொடுக்கும் வேலை முடிந்ததும் அந்தச் சாவியைச் செல்லாததாக்கினால் இரண்டும் சேர்ந்து மாறும். தேடலில் வந்த முந்திப் பிந்திய பதில் சிக்கலும் இங்கே போய்விடுகிறது. 'ம'வும் 'மதுரை'யும் வேறு வேறு சாவிகள். தாமதமாக வந்த பதில் தன் சாவிக்குள்தான் போய் உட்காரும்.

எஸ்டபிள்யூஆர் சின்னது, கற்றுக்கொள்ள எளிது. வெர்செல் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. 2010இல் வந்த ஒரு ஹெச்டிடிபி நீட்டிப்பு, பழையதை உடனே காட்டு, பின்னணியில் புதியதைக் கொண்டுவா என்று சொல்லியிருந்தது. அதே உத்திதான். படிப்பது மட்டுமே பெரும்பகுதியாக உள்ள தளத்துக்கு இது போதும். எழுதுவதும், எழுதும்போதே திரையில் முன்கூட்டிக் காட்டுவதும், தோற்றால் பின்வாங்குவதும், பக்கம் பக்கமாக நீளும் பட்டியலும் சேர்ந்தால் டான்ஸ்டாக் க்வெரியின் கருவிகள் கூடுதலாகக் கைகொடுக்கும். அதன் டெவ்டூல்ஸ் ஒன்றுக்காகவே நான் அதை எடுப்பேன்: எந்தச் சாவி பழையது, எது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, எதை யாரும் பார்க்கவில்லை என்பதெல்லாம் கண்முன் தெரியும். வியூ, ஸ்வெல்ட், சாலிட், ஆங்குலர் ஆகியவற்றுக்கும் அது இருக்கிறது. செயலியில் ஏற்கெனவே ரெடக்ஸ் டூல்கிட் இருந்தால் அதன் 1.6 பதிப்பிலிருந்தே ஆர்டிகே க்வெரி உள்ளே இருக்கிறது. இன்னொன்றைச் சேர்க்கத் தேவையில்லை.

ஆனால் இயல்பு அமைப்புகளைப் படிக்காமல் டான்ஸ்டாக் க்வெரியை இறக்கினால் முதல் வாரமே புகார் வரும். தரவு எவ்வளவு நேரம் புதியது என்று சொல்லும் ஸ்டேல்டைம் இயல்பாக 0. வந்த கணமே தரவு பழையதாகக் கருதப்படும். கம்போனென்ட் மறுபடி ஏற்றப்பட்டாலும், பயனர் வேறு டேபுக்குப் போய்த் திரும்பினாலும், கோரிக்கை போகும். 'கேஷ் போட்டும் ஏன் ஓயாமல் சர்வரை அடிக்கிறது' என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. யாரும் பார்க்காத பதில் நினைவகத்தில் 5 நிமிடம் இருக்கும். அது ஜிசிடைம், வேறு கணக்கு. முன்பு அதற்கு கேஷ்டைம் என்று பெயர். அந்தப் பெயரால் இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம், 2023 அக்டோபரில் வந்த 5ஆம் பதிப்பில்தான் மாற்றினார்கள். நூலகச் செயலிக்கு ஆசிரியர் குறிப்பின் ஸ்டேல்டைம் ஒரு மணி நேரம் இருக்கலாம், இரவல் பட்டியலுக்கு அரை நிமிடம். திரை திரையாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

மறுமுயற்சியும் அப்படித்தான். இயல்பாக மூன்று முறை, நடுவே 1, 2, 4 விநாடி இடைவெளி. அதாவது கோரிக்கை தோற்ற பிறகும் 7 விநாடிக்கு மேல் பயனருக்குச் சுழலும் ஸ்பின்னர்தான் தெரியும், பிழை தெரியாது. நெட்வொர்க் தடுமாறினால் இது வரம். அந்த எண்ணில் நூலே இல்லை என்று சர்வர் 404 சொன்னால், நான்கு தடவை கேட்டாலும் நூல் வந்துவிடப் போவதில்லை. 404 போன்ற 400 வரிசைப் பிழைகளுக்கு மறுமுயற்சி வேண்டாம் என்று ஒரு சின்ன விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

5ஆம் பதிப்பில் 'தரவே இன்னும் இல்லை' என்பதற்கு இஸ்பெண்டிங், 'ஏதோ ஒரு கோரிக்கை ஓடுகிறது' என்பதற்கு இஸ்ஃபெட்சிங். முதலாவதற்குத்தான் ஸ்கெலிட்டன், அதாவது வரப்போகும் திரையின் சாம்பல் வடிவம். இரண்டாவதற்கும் திரையை வெறுமையாக்கிவிட்டால் டேப் மாறி வரும் ஒவ்வொரு முறையும் பட்டியல் மறைந்து மறைந்து வரும். கேஷ் போட்டதே அதைத் தவிர்க்கத்தான்.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. கோரிக்கையைத் தொடங்குவது இன்னும் கம்போனென்ட்தான்.

படிக்கட்டும் லோடரும்

நூல் பக்கத்தைப் பாருங்கள். பக்கத்துக்கான ஜாவாஸ்கிரிப்ட் இறங்குகிறது. நூல் கம்போனென்ட் ரெண்டர் ஆகி (திரைக்கு வரையப்பட்டு) நூல் விவரத்தைக் கேட்கிறது. அது வந்த பிறகு உள்ளே ஆசிரியர் கம்போனென்ட் ரெண்டர் ஆகி ஆசிரியரைக் கேட்கிறது. அதுவும் வந்த பிறகு பிற நூல்கள் கம்போனென்ட். ஒவ்வொன்றும் 300 மில்லிசெகண்ட் என்றால், ஜாவாஸ்கிரிப்ட் இறங்கிய பிறகும் 900. பிரவுசரின் நெட்வொர்க் பலகையில் இது படிக்கட்டாகத் தெரியும். விருந்தாளியை உட்காரவைத்து இலையைப் போட்ட பிறகு உலை வைக்கிற கதை. கேஷ் இரண்டாம் முறை வருபவருக்கு உதவும், முதல் முறை வருபவருக்கு ஒன்றும் செய்யாது.

பக்கத்தின் முகவரியிலேயே நூல் எண் இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்று கம்போனென்ட் பிறப்பதற்கு முன்பே தெரியும். இதைப் பிடித்துக்கொண்டதுதான் லோடர். 2021 இறுதியில் திறந்த மூலமாக வெளிவந்த ரீமிக்ஸ் ஃப்ரேம்வொர்க் இதை மையமாக வைத்தது; 2022இல் ரியாக்ட் ரவுட்டர் 6.4 அதையே பிரவுசர் மட்டும் உள்ள செயலிகளுக்கும் கொண்டுவந்தது. இணைப்பைச் சொடுக்கியதுமே, அந்த முகவரிக்குப் பொருந்தும் எல்லா ரவுட்களின் லோடர்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். இணைப்பின் மேல் சுட்டி வந்து நிற்கும்போதே தொடங்கவும் வைக்கலாம். ஆசிரியர் எண் நூல் விவரத்துக்குள்தான் இருக்கிறது என்றால் படிக்கட்டை முழுதாக நீக்க முடியாது. அப்போது ஏபிஐ (சர்வரிடம் தரவு கேட்கும் வாயில்) எழுதுபவரிடம் போய் 'நூல் எண்ணை வைத்தே ஆசிரியரைக் கொடு' என்று கேட்பதுதான் வழி. எந்த ஃப்ரண்ட்எண்ட் லைப்ரரியையும்விட அந்த ஒரு உரையாடல் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.

லோடரால் வரும் புதுத் தொல்லை வேறு வகை. தரவு வரும் வரை ரியாக்ட் ரவுட்டர் பழைய பக்கத்திலேயே நிற்கும். சொடுக்கியும் ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்து பயனர் மறுபடி சொடுக்குவார். மேலே ஓடும் ஒரு கோடு, மங்கலாகும் பட்டியல், ஏதாவது ஒன்று காட்டியாக வேண்டும். டான்ஸ்டாக் ரவுட்டர் இதில் கொஞ்சம் நிதானமாக நடக்கிறது: இயல்பாக ஒரு விநாடி வரை பழைய பக்கம், அதைத் தாண்டினால் காத்திருப்புத் திரை, அப்படிக் காட்டத் தொடங்கிவிட்டால் குறைந்தது அரை விநாடி. வேகமான இணைப்பில் ஸ்பின்னர் ஒரு கணம் மின்னி மறையும் எரிச்சல் இதில் இல்லை.

இன்னொன்று, ரியாக்ட் ரவுட்டரின் லோடர் பதிலை நெடுநேரம் வைத்துக்கொள்ளாது. நூலைப் பார்த்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினால் பட்டியலை மறுபடி கேட்கும். லோடர் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்: யார், எப்போது தொடங்குவது. இரண்டாவது கேள்வி கேஷுடையது. ஆகவே லோடரா, கேஷ் லைப்ரரியா என்று கேட்பதே பொருந்தாது. லோடருக்குள் டான்ஸ்டாக்கின் க்வெரி கிளையன்ட்டைக் கூப்பிட்டு 'இந்தச் சாவிக்குத் தரவு இருக்கட்டும்' என்று சொல்லிவிடலாம், கம்போனென்ட் வழக்கம்போல அந்த லைப்ரரியின் யூஸ்க்வெரி ஹூக் மூலம் படிக்கலாம். இரண்டு வரி கூடுதல் வேலை.

சஸ்பென்ஸ் எங்கே வருகிறது?

சஸ்பென்ஸ் தரவைக் கொண்டுவருவதில்லை. உள்ளே யாரோ காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்குப் பதிலாக எதைக் காட்டுவது, எந்த எல்லைக்குள் காட்டுவது என்பதுதான் அதன் வேலை. 2018இல் ரியாக்ட் 16.6இல் நிரலைத் துண்டு துண்டாக ஏற்றுவதற்காக வந்தது. தரவுக்கான வழி, யூஸ் என்ற பெயரில், 2024 டிசம்பரில் ரியாக்ட் 19ஆம் பதிப்பில்தான் நிலைபெற்றது. எழுத அழகாக இருக்கும். 'தரவு இருக்கிறதா' என்ற நிபந்தனையே கம்போனென்ட்டில் இருக்காது. அந்த வரிக்கு வந்துவிட்டால் தரவு இருக்கிறது என்றே பொருள். தரவின் வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட்டும் மகிழும்.

ஆனால் யூஸ் ஹூக்குக்குக் கொடுக்கும் ப்ராமிஸை ரெண்டருக்குள்ளேயே உருவாக்கினால், ஒவ்வொரு ரெண்டருக்கும் புதிய ப்ராமிஸ், மறுபடி காத்திருப்பு என்று முடிவில்லாமல் சுற்றும். ப்ராமிஸ் வெளியே எங்காவது நிலையாக இருக்க வேண்டும், அதாவது மறுபடியும் ஒரு கேஷ். டான்ஸ்டாக் க்வெரியின் யூஸ்சஸ்பென்ஸ்க்வெரி அதைத் தருகிறது. அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: ஒரே கம்போனென்ட்டில் இரண்டை அடுத்தடுத்து எழுதினால், முதலாவது காத்திருக்கும்போதே கம்போனென்ட் நின்றுவிடும், இரண்டாவது கோரிக்கை தொடங்கியே இருக்காது. நாமே கட்டிய படிக்கட்டு. பன்மை வடிவமான யூஸ்சஸ்பென்ஸ்க்வெரீஸ் எழுதினால் இரண்டும் சேர்ந்து போகும். லோடரில் முன்பே தொடங்கியிருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஒரே எல்லைக்குள் அருகருகே இருக்கும் கம்போனென்ட்டுகளுக்கும் இதே ஆபத்து 2024 நடுவில் பெரிய சர்ச்சையானது. ரியாக்ட் 19இன் முன்னோட்டப் பதிப்பு, ஒன்று காத்திருந்தால் பக்கத்தில் இருப்பதை ரெண்டர் செய்யாமல் நிறுத்தியது. அதுவரை இணையாகப் போன கோரிக்கைகள் வரிசையில் நின்றன. எதிர்ப்பு கிளம்பியதும் வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். இறுதிப் பதிப்பில் காத்திருப்புத் திரையை முதலில் காட்டிவிட்டு, பக்கத்தில் உள்ளவற்றைப் பின்னணியில் ரெண்டர் செய்து அவற்றின் கோரிக்கைகளைத் தொடங்கிவைக்கும் ஏற்பாடு வந்தது. கோரிக்கையின் தொடக்கத்தை ரெண்டரின் போக்கில் விட்டால் ரியாக்ட் தன் உள்வேலையை மாற்றும்போது நம் செயலியின் வேகமும் மாறும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிழையைப் பிடித்து வேறு திரை காட்ட எரர் பவுண்டரி வேண்டும். 2013இல் வெளியான ரியாக்ட், இத்தனை ஆண்டு கழித்தும், அதை ஹூக்குக்கு முந்தைய பாணியான கிளாஸ் கம்போனென்ட்டாகத்தான் எழுதச் சொல்கிறது. நல்லவேளையாக அதற்கென்று ஒரு சின்ன பேக்கேஜ் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

சர்வர் கம்போனென்ட்

நூல் பக்கம் பொதுவானது. உள்நுழையாதவரும் பார்ப்பார், தேடுபொறியும் பார்க்கும். அதைப் பிரவுசரில் வைத்துக் கட்டுவானேன்? கம்போனென்ட்டையே, தரவுக்காகக் காத்திருக்கக்கூடிய அசிங்க் ஃபங்ஷனாக எழுதி, உள்ளே தரவுத்தளத்தை நேரடியாகக் கேட்டு, முடிந்த பக்கத்தை அனுப்பிவிடலாம். அந்தக் கம்போனென்ட்டின் ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசருக்குப் போகவே போகாது. ரியாக்ட் குழு 2020 டிசம்பரில் அறிவித்த இது, நெக்ஸ்ட் ஜேஎஸ் 13.4 (2023 மே) வழியாகத்தான் பரவலான புழக்கத்துக்கு வந்தது. படிக்கட்டு இங்கேயும் உண்டு. ஆனால் சர்வரும் தரவுத்தளமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் படியின் உயரம் சில மில்லிசெகண்ட்தான். 900 எல்லாம் ஆகாது. பிற நூல்கள் மெதுவாக வருமென்றால் அதை மட்டும் சஸ்பென்ஸில் சுற்றிப் பின்னால் ஓடிவரச் சொல்லலாம். சஸ்பென்ஸ் தன் முழு மதிப்பைக் காட்டுவது இந்த இடத்தில்தான் என்பேன்.

விலையைக் குழுதான் கொடுக்க வேண்டும். சர்வர் ஜாவாவிலோ பிஎச்பியிலோ ஓடும் இடத்தில் கூடுதலாக, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஒரு நோட் சர்வரை வைத்துப் பராமரிக்க வேண்டும். எது சர்வரில் ஓடுகிறது, எது பிரவுசரில் ஓடுகிறது என்ற எல்லையைக் குழுவில் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். கேஷ் விதிகள் காலடியில் மாறியிருக்கின்றன: ஃபெட்ச் பதிலை இயல்பாகவே கேஷ் செய்து வைத்த நெக்ஸ்ட் ஜேஎஸ், 15ஆம் பதிப்பில் (2024 அக்டோபர்) அதை நிறுத்தியது. பாதுகாப்புக் கணக்கும் வேறு. 2025 டிசம்பரில் சர்வர் கம்போனென்ட் நெறிமுறையில், உள்நுழையாமலேயே சர்வரில் நிரலை ஓட்டவிடும் ஓட்டை வெளியானது. தீவிரம் 10க்கு 10. திருத்தம் உடனே வந்தது, ஆனால் அதைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அவசரமாகப் பதிப்பை உயர்த்த வேண்டியிருந்தது. பிரவுசரில் மட்டும் ஓடும் ரியாக்ட் செயலிகளுக்கு அதனால் பாதிப்பில்லை.

'என் இரவல்கள்' போன்ற திரைக்கு இது பெரிதாக ஒன்றும் தராது. உள்நுழைந்தவருக்கு மட்டும், அடிக்கடி மாறுவது, பொத்தான் நிறைந்தது. அங்கே எல்லாமே பிரவுசரில் ஓடும் கிளையன்ட் கம்போனென்ட்டாக மாறி, கடைசியில் கேஷ் லைப்ரரியையும் கூடவே போட்டுக்கொண்டு நிற்போம்.

காத்திருக்கும் திரை

இதை எந்த வழியும் நமக்காக முடிவு செய்து தருவதில்லை. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் சொன்ன கணக்கு இன்றும் மேசைமேல் இருக்கிறது: 0.1 விநாடிக்குள் என்றால் உடனடி, 1 விநாடி வரை என்றால் சிந்தனை அறுபடாது, 10 விநாடி தாண்டினால் ஆள் போய்விடுவார். ஒரு விநாடிக்குள் வருவதற்கு ஸ்பின்னர் காட்டாமலே இருப்பது நல்லது. ஸ்கெலிட்டன் காட்டினால் அது வரப்போகும் உள்ளடக்கத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று வரிச் சாம்பல் பட்டை காட்டிவிட்டு எட்டு வரி வந்தால் கீழே இருப்பதெல்லாம் குதிக்கும், பயனர் தவறான பொத்தானைத் தொடுவார், பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்று அளக்கும் கூகுளின் சிஎல்எஸ் அளவீடும் 0.1 என்ற எல்லையைத் தாண்டலாம். 'இரவல் எதுவும் இல்லை' என்பதும் 'கொண்டுவர முடியவில்லை' என்பதும் வேறு வேறு செய்திகள். அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே வெற்றுப் பெட்டியைக் காட்டும் செயலிகள் எத்தனை!

எனவே எதை எடுப்பது?

உள்நுழைந்து வேலை செய்யும் செயலி என்றால், அதாவது நிர்வாகப் பலகை, வங்கிக் கணக்குத் திரை, நம் இரவல் பட்டியல் போன்றவை என்றால், டான்ஸ்டாக் க்வெரியும் லோடரும் சேர்ந்த ஜோடியைத்தான் சொல்வேன். சஸ்பென்ஸை அதன்மேல் விருப்பம்போல் சேர்க்கலாம், அவசரமில்லை. பொதுமக்கள் படிக்கும் பக்கங்கள் பெரும்பகுதி என்றால், நோட் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், சர்வர் கம்போனென்ட். ஆள் இல்லையென்றால் இல்லை. இரவு 2 மணிக்குச் சர்வர் விழுந்தால் எழுப்ப ஒருவர் இல்லாத குழுவுக்கு நிலையான கோப்புகளும் ஏபிஐயும் போதும். நூலகச் செயலி இரண்டும் கலந்தது. நூல் பக்கத்தைச் சர்வரிலும் மற்ற இரண்டையும் க்வெரியிலும் வைப்பேன், தேடல் சொல்லை முகவரியிலேயே எழுதிவைப்பேன். திரும்பி வருபவருக்கு அவர் தேடியது அப்படியே இருக்கும், லோடருக்கும் எதைக் கேட்பது என்று தெரியும்.

ஏற்கெனவே நாற்பது யூஸ்எஃபெக்ட் உள்ள செயலியா? ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். இரண்டு இடத்தில் கேட்கப்படும் தரவிலிருந்து தொடங்கி, ஏபிஐ கூப்பிடும் ஃபங்ஷன்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் எஃபெக்ட்டை மட்டும் யூஸ்க்வெரியாக மாற்றினால் போதும். ஒரு திரைக்கு அரை நாள்கூட ஆகாது. அது முடிந்த பிறகு பிரவுசரின் வேகத்தை மெதுவான 4ஜிக்குக் குறைத்து வைத்து நெட்வொர்க் பலகையைத் திறந்து பாருங்கள். படிக்கட்டு எந்தத் திரையில் நீளமாக இருக்கிறதோ அந்தத் திரைக்கு முதல் லோடர்.